ஒத்திகை முடிந்ததும் பேச விடுங்கள்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் மாக் டிரில் எனும் விபத்துக்கால ஒத்திகை எப்படி நடக்கும் என்பது, திருவள்ளூர் மாவட்ட ஆரணியிலிருந்து ஷிப்டுக்குப் போய்வருகிறவர்களுக்குத் தெரியும். சைரன் ஒலிக்கும். அசெம்பிளி பாயிண்டில் நிறுத்தித் தலை எண்ணுவார்கள். போட்டோ எடுத்ததும் அவரவர் மெஷினுக்குத் திரும்ப வேண்டியதுதான். மேலதிகாரி ஐந்து நிமிடம் பேசினாலும், தாமதமாக வந்தது யார் என்ற அதட்டலிலேயே அது முடிந்துவிடும்.

விதிகள் இல்லாமல் இல்லை. அபாயகரமான ரசாயனங்கள் தொடர்பான 1989ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆலைக்குள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை நடத்தி அறிக்கை தர வேண்டும். சுற்றியுள்ள ஊர்களுக்கான ஒத்திகை ஆண்டுக்கு ஒருமுறையாவது நடக்க வேண்டும். ஆனால், பாய்லர் பக்கம் சைரன் கேட்கவில்லை என்றால் அது அங்கே நின்ற ஒப்பந்தத் தொழிலாளிக்குத்தான் தெரியும். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் அவர் வாய் திறப்பதில்லை. ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவருக்கு மொழியும் தடை. அறிக்கையில் எல்லாம் சரியாக நடந்ததாகவே பதிவாகிவிடும்.

அமெரிக்க ராணுவத்தில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். பயிற்சி முடிந்த கையோடு சிப்பாயும் அதிகாரியும் ஒன்றாக உட்கார்கிறார்கள். என்ன நடந்திருக்க வேண்டும், என்ன நடந்தது, ஏன் அப்படி ஆனது, அடுத்த முறை என்ன செய்யலாம்? இவ்வளவுதான் பேச்சு. நடத்துகிறவர் தீர்ப்புச் சொல்வதில்லை. கேள்வி கேட்டுப் பேசவைப்பதே அவர் வேலை. இது குற்றம் கண்டுபிடிக்கும் கூட்டமல்ல என்பதை அந்த ராணுவத்தின் 1993ஆம் ஆண்டுக் கையேடு தெளிவாகவே சொல்கிறது.

குறை சொல்லாவிட்டால் பொறுப்பு தட்டிக்கழிக்கப்படும் என்பார்கள். அதை நாம் ஏற்கவில்லை. வேண்டுமென்றே செய்த அலட்சியத்துக்குத் தனி விசாரணை இருக்கட்டும். ஒத்திகையில் தெரியவரும் தவறுக்குத் தண்டனை என்றால், அந்தத் தவறு விபத்து நடக்கும்வரை மறைந்தே கிடக்கும்.

ஆலைக்கு வெளியே வசிப்பவர்களோடும் இப்படிப் பேச வேண்டும். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் அம்மோனியா கசிந்தபோது, பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வீட்டைவிட்டு ஓடினார்கள். காற்று எந்தப் பக்கம் வீசினால் எந்தத் தெரு வழியாகப் போவது என்பதை ஊர்மக்களோடு உட்கார்ந்து பேசாமல் எந்தத் திட்டமும் முழுமையாகாது. பிச்சாட்டூர் அணை திறந்தால் வெள்ளம் வரும் ஆரணியாற்றங்கரை ஊர்களுக்கும் இது பொருந்தும்.

ஒவ்வொரு ஒத்திகைக்கும் பிறகு அரை மணி நேரமாவது இப்படிப் பேசுவதைத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் கட்டாயமாக்க வேண்டும். ஆலையைச் சாராத தீயணைப்பு அதிகாரி ஒருவர் அதை நடத்தட்டும். கடைநிலைத் தொழிலாளி முதலில் பேசட்டும், அவர் மொழியிலேயே. சொன்னவர் பெயரை விட்டுவிட்டு, சொன்னதை மட்டும் ஆலை வாசலிலும் ஊராட்சி அலுவலகத்திலும் எழுதி ஒட்ட வேண்டும். திருவள்ளூர் மாவட்ட ஆட்சியர் அடுத்த ஒத்திகையிலேயே இதைத் தொடங்கிவைக்க வேண்டும்.