சிவப்பு ஒயின் விழாவில் விவசாயி பார்க்க வேண்டியது

அம்பத்தூர், ஆவடி வழியே ஓடும் ரயிலும் பூந்தமல்லி வழியே செல்லும் நெடுஞ்சாலையும் பெங்களூரில் போய்ச் சேருகின்றன. அங்கே கர்நாடக ஒயின் வாரியம் ஒயின் விழாக்களை நடத்தி வந்திருக்கிறது. உள்ளூர்த் திராட்சையில் எடுத்த சிவப்பு ஒயினைச் சிறு கோப்பைகளில் ஊற்றித் தருவார்கள். வந்தவர்கள் ருசி பார்த்து, பிடித்ததை வாங்கிச் செல்வார்கள்.

இத்தகைய விழாவைப் பார்த்துத் திரும்பும் புறநகர் விவசாயிக்கு, ‘நம் அரை ஏக்கரிலும் பந்தல் போட்டால் என்ன?’ என்ற எண்ணம் எழுவது இயல்பே. ஆனால் அவர் அங்கே கவனிக்க வேண்டியது கோப்பையை அல்ல. அந்தப் பழத்தை விளைவித்தவருக்கு அதை விற்க எத்தனை வாசல்கள் இருக்கின்றன என்பதையே கவனிக்க வேண்டும்.

கோப்பையில் தெரியும் தோட்டம்

ருசி பார்ப்பவர் நிறம், மணம், புளிப்பு, துவர்ப்பு ஆகியவற்றைக் கவனிக்கிறார். இவற்றில் பெரும்பகுதி தோட்டத்திலேயே முடிவாகிவிடுகிறது. சாற்றைத் தோலோடும் விதையோடும் சேர்த்துப் புளிக்க வைப்பதால்தான் சிவப்பு நிறமும் துவர்ப்பும் ஒயினில் இறங்குகின்றன. ஒரு லிட்டர் சாற்றிலுள்ள சுமார் 17 கிராம் சர்க்கரை நொதித்தால் 1 சதவீதம் சாராயச் சத்து உண்டாகும். ஆகவே 12 சதவீதம் வேண்டுமானால் லிட்டருக்கு 200 கிராமுக்கு மேல் சர்க்கரை தேவை. கொடியில் அளவுக்கு மீறிக் குலைகளை விட்டால் இந்த இனிப்பு ஏறாது. 750 மில்லி பாட்டில் ஒன்றுக்கு ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமான பழமே போதும். எனவே ஆலைக்காரர் எடையைவிடத் தரத்தையே பெரிதும் பார்க்கிறார்.

பெங்களூர் வட்டாரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. இரவுக் குளிர்ச்சி பழத்தின் புளிப்பைக் காக்கிறது. பூந்தமல்லி, ஆவடிப் பக்கத்து இரவுகள் வெப்பமானவை. புளிப்பு விரைவில் குறைந்துவிடும். மேலும் அக்டோபரில் கவாத்து செய்தால், பூக்கும் நேரத்தில் வடகிழக்குப் பருவமழை வந்து சேரும். அடிச்சாம்பல் நோய்க்கு இதைவிட நல்ல தருணம் கிடையாது. வீட்டுப் பந்தலில் ஒரு கொடி காய்ப்பதை வைத்து ஏக்கர் கணக்குப் போடக் கூடாது.

நாசிக் கற்றுத் தந்த பாடம்

மகாராஷ்டிர அரசு 2001-ல் திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்குத் தனிக் கொள்கை வகுத்துச் சலுகைகள் அளித்தது. நாசிக் பகுதியில் ஒயின் ஆலைகள் பெருகின. விவசாயிகள் பலர் ஒயினுக்கென்றே உள்ள ரகங்களை நட்டார்கள். 2008-ல் உலகப் பொருளாதாரச் சரிவும் மும்பைத் தாக்குதலும் அடுத்தடுத்து வந்தன. ஓட்டல்களிலும் சுற்றுலாவிலும் விற்பனை விழுந்தது. ஆலைகளில் சரக்கு தேங்கியது; பழம் வாங்குவார் இல்லை. அதன்பின் பலர் ஒயின் கொடிகளைப் பிடுங்கிவிட்டு, சாப்பிடும் திராட்சைக்கே திரும்பினார்கள்.

ஒயின் ரகப் பழம் சிறியது, தோல் தடித்தது, விதை மிகுந்தது. அதைத் தட்டில் வைத்துச் சாப்பிட யாரும் வாங்க மாட்டார்கள். ஆலை கதவை மூடினால் அந்தப் பழத்துக்கு வேறு வாசல் இல்லை. கல்தூண், கம்பி, நாற்று என்று முதலீடு செய்து, முதல் அறுவடைக்கு ஒன்றரை ஆண்டு போல் காத்திருந்தவருக்கு இது எத்தகைய அடி என்று சொல்லத் தேவையில்லை.

இதற்கு மாறாக, 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற பெங்களூர் நீலத் திராட்சைக்கும், 2023-ல் அதே குறியீடு பெற்ற கம்பம் பன்னீர்த் திராட்சைக்கும் வாசல்கள் பல. பழமாகச் சந்தைக்குப் போகலாம்; சாறு, ஜாம் ஆகலாம்; ஒயின் ஆலைக்கும் போகலாம். ருசியில் வெளிநாட்டு ரகங்களுக்கு ஈடாகுமா என்று வல்லுநர்கள் வாதிடட்டும். சிறு விவசாயியின் அடுப்பு எரிய, ஒரு வாசல் மூடும்போது இன்னொன்று திறந்திருக்க வேண்டும்.

இங்கே செய்யத்தக்கது

தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின்படி உரிமமின்றி ஒயின் தயாரிப்பது குற்றம். மதுச் சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக் வசம் உள்ளது. எனவே வீட்டிலேயே ஒயின் செய்து விற்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால் நம்ப வேண்டாம்.

ஒயின் விழாவிலிருந்து இங்கே கொண்டுவரத்தக்கது அதன் முறைதான். வாங்குபவர் ருசி பார்க்கிறார். எந்த ஊர்ப் பழம் என்று கேட்கிறார். தரத்துக்கு ஏற்ப விலை தருகிறார். புறநகர் விவசாயியின் கொய்யாவும் மாம்பழமும் கோயம்பேட்டுக்குப் போனவுடன் ஊர்ப்பெயரை இழந்து, கூடைக் கணக்கில் கலந்துவிடுகின்றன. பத்து இருபது பேர் சேர்ந்து ஓர் இனிப்பு மானி வாங்கலாம். ஒரு சொட்டுச் சாற்றில் பிரிக்ஸ் அளவு தெரிந்துவிடும். தரம் பிரித்து, ஊர்ப்பெயரிட்டு, அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ருசி காட்டி விற்கலாம். வாங்கும் கூட்டம் அம்பத்தூரிலும் ஆவடியிலும் வாசலருகிலேயே இருக்கிறது. மிஞ்சும் பழத்தைச் சாறாகவும் ஜாமாகவும் மாற்ற, உணவுப் பாதுகாப்புத் துறையில் முறைப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும்.

எந்த ஆலையோடு ஒப்பந்தம் செய்தாலும் மூன்றை எழுத்தில் கேட்க வேண்டும். முதலாவது, நடுவதற்கு முன்பே விலை. இரண்டாவது, எடையும் இனிப்பும் விவசாயியின் கண்ணெதிரே அளக்கப்படுதல். மூன்றாவது, குறித்த நாளில் பழத்தை எடுக்காவிட்டால் தர வேண்டிய இழப்பீடு. இம்மூன்றுக்கும் இணங்காதவரை நம்பி, ஒரே வாசல் உள்ள பயிரை நடக் கூடாது.

திராட்சையே பயிரிட விரும்புவோர் முதலில் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் மண், நீர், பருவம் பற்றிக் கலந்து பேச வேண்டும். தேனி மாவட்டம் ஆனைமலையன்பட்டியிலுள்ள திராட்சை ஆராய்ச்சி நிலையத்தையும் நேரில் பார்த்து வருவது நல்லது. பந்தலுக்குக் குழி தோண்டுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.