வேகத்தை வாங்குமுன் கம்பியைச் சோதிப்போம்

நெசவாளருக்கும் விவசாயிக்கும் இணைய இணைப்பு ஓர் ஆடம்பரம் என்று எண்ணிய காலம் மலையேறிவிட்டது. விளைபொருளின் விலையை வெளி மாவட்டச் சந்தைகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கும், பயிர்க் காப்பீட்டுக்கு மனுச் செய்வதற்கும், நெய்த சேலையின் படத்தைத் தொலைவிலுள்ள வியாபாரிக்கு அனுப்புவதற்கும் இன்று அதுவே வழி. தேசிய மின்னணு வேளாண் சந்தை 2016-ம் ஆண்டு ஏப்ரலில் தொடங்கப்பட்டது. நாடு முழுவதும் 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்துக்கு மத்திய அரசு 2022-ம் ஆண்டு ஜூனில் ஒப்புதல் அளித்தது. ஆகவே சங்கத்தின் கணக்கும் அங்கத்தினரின் வரவு செலவும் கம்பி வழியே போய் வரும் நாளில் நாம் இருக்கிறோம். அந்தக் கம்பி எவ்வளவு தாங்கும் என்பதை அறியாமலேயே, கூடுதல் வேகம் என்று எழுதப்பட்ட திட்டத்துக்கு மாதந்தோறும் கூடுதல் கட்டணம் செலுத்துவது சரியாகுமா? விராலிமலை வட்டாரத்து அங்கத்தினர்கள் இதைச் சற்று நிதானமாகச் சிந்திக்க வேண்டுமென விரும்புகிறோம்.

முதலில் ‘பிராட்பேண்ட்’ என்ற பெயரைக் கண்டு மயங்கலாகாது. 2004-ம் ஆண்டுக் கொள்கையின்படி விநாடிக்கு 256 கிலோபிட் கிடைத்தாலே அந்தப் பெயருக்குத் தகுதி உண்டு. 2013-ல் அது 512 கிலோபிட்டாகவும், 2023-ம் ஆண்டு ஜனவரியில் 2 மெகாபிட்டாகவும் உயர்த்தப்பட்டது. இவை யாவும் கீழ் வரம்புகளே. விளம்பரத்தில் காணும் ‘வரை’ என்ற சொல்லோ மேல் வரம்பைக் குறிப்பது. இவ்விரு வரம்புகளுக்கும் இடையில் நம் வீட்டுக்கு எது கிட்டும் என்பதைத் தீர்மானிப்பது திட்டத்தின் பெயரன்று. வீட்டுக்கும் தொலைபேசி நிலையத்துக்கும் இடையே ஓடும் செம்புக் கம்பிதான்.

அந்தக் கம்பி மனிதக் குரலைக் கொண்டுசெல்வதற்காகப் போடப்பட்டது. குரலுக்கு விநாடிக்கு 300 முதல் 3,400 வரையிலான அதிர்வுகள் போதும். அதே கம்பியில் இணையத்தையும் அனுப்பும் ஏ.டி.எஸ்.எல். 2 பிளஸ் என்னும் முறையோ 22 லட்சம் அதிர்வுகள் வரை பயன்படுத்துகிறது. அதிர்வு மிகுந்தால் கம்பியில் தேய்மானமும் மிகும். மதகில் நிறைந்து புறப்படும் நீர் மண் வாய்க்காலில் கசிந்து கசிந்து கடைமடையில் ஊற்றுப்போல் ஒழுகுவதை விவசாயிகள் அறிவார்கள். இங்கும் அதே கதைதான். மதகை இன்னும் அகலமாகத் திறந்தால் கடைமடை நிறைந்துவிடாது. வாய்க்காலைத்தான் கவனிக்க வேண்டும்.

இந்த முறையில் ஏட்டளவில் கிடைக்கக்கூடிய உச்ச வேகம் விநாடிக்கு 24 மெகாபிட். நல்ல கம்பியில், நிலையத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள் ஏறக்குறைய அதை எட்டலாம். மூன்று கிலோமீட்டரில் அது சுமார் 8 மெகாபிட்டாகக் குறைந்துவிடும். ஐந்து கிலோமீட்டரில் ஒன்றிரண்டு மெகாபிட் கிடைப்பதே அரிது. இந்தத் தூரம் காகம் பறக்கும் தூரமன்று, கம்பி சுற்றிவரும் தூரம். ஆதலால் விராலிமலைக் கடைவீதியிலுள்ள வீட்டுக்குப் பொருந்தும் திட்டம், ஊருக்கு வெளியே தோட்டத்தில் தனித்து நிற்கும் வீட்டுக்குப் பொருந்தாது. கம்பியின் கனமும் முக்கியம். மெல்லிய நூல் எளிதில் அறுவதுபோல, மெல்லிய கம்பியில் தேய்மானம் அதிகம்.

நிற்க. நம் கம்பியின் நிலையை நாமே அறிவது எப்படி? இதற்குப் பொறியியல் படிப்பு தேவையில்லை. தொலைபேசியை எடுத்து ஏதேனும் ஓர் எண்ணை மட்டும் அழுத்திவிட்டுக் காதில் வைத்துக் கேளுங்கள். அமைதியாக இருக்க வேண்டும். இரைச்சலோ வெடிப்போ கேட்டால் இணைப்பு முடிச்சில் துருவோ ஈரமோ இருக்கிறது என்று கொள்ளலாம். மழைக்காலத்தில் மட்டும் இரைச்சல் கேட்டால் ஈரம் புகுகிறது என்பது திண்ணம்.

அடுத்தபடியாக, மோடத்தின் உள் பக்கத்தைக் கணினியில் திறந்து பார்க்க வேண்டும். அதன் முகவரி மோடத்தின் அடியிலேயே ஒட்டப்பட்டிருக்கும். அங்கு ‘தேய்மானம்’ என்ற பொருளுள்ள ஓர் எண் டெசிபல் கணக்கில் காணப்படும். பத்து டெசிபல் என்றால் புறப்பட்ட வலிமையில் பத்தில் ஒரு பங்கே வந்து சேருகிறது என்று பொருள்; இருபது என்றால் நூறில் ஒரு பங்கு; நாற்பது என்றால் பதினாயிரத்தில் ஒரு பங்கு. இந்த எண் 30-க்குள் இருந்தால் கம்பி நல்ல கம்பி. 45-ஐத் தாண்டினால் வேகத்தை எதிர்பார்ப்பதற்கில்லை. 60-ஐத் தாண்டினால் இணைப்பு நிலைப்பதே கடினம். பக்கத்திலேயே இரைச்சலுக்கு மேல் மிஞ்சி நிற்கும் வலிமையைக் காட்டும் மற்றோர் எண் இருக்கும். அது 6-க்குக் கீழ் இறங்கினால் இணைப்பு அடிக்கடி அறும். 10-க்கு மேல் இருப்பது நலம்.

இவ்வெண்களைக் குறித்துக்கொண்டபின், வீட்டுக்குள் கம்பி நுழையும் முதல் இடத்திலேயே மோடத்தை நேராகப் பொருத்தி மறுபடியும் பாருங்கள். எண்கள் நன்கு திருந்தினால் குற்றம் வீட்டுக்குள் ஓடும் பழைய கம்பியிலோ, குரலையும் இணையத்தையும் பிரிக்கும் சிறு பெட்டியிலோ இருக்கிறது. சிறு செலவில் தீரும் குறைக்குப் பெரிய திட்டம் வாங்குவது வீண். எண்கள் திருந்தாவிட்டால் குற்றம் வெளியே இருக்கிறது. அதிகாலையில் ஒரு முறையும் இரவு எட்டு மணிக்கு ஒரு முறையும் வேகத்தை அளந்து பார்ப்பதும் அவசியம். மோடம் காட்டும் எண்கள் மாறாமல், இரவில் மட்டும் வேகம் படுத்துவிட்டால், கம்பிமீது குற்றமில்லை. பொதுப் பாதையில் நெரிசல் என்பது விளங்கும்.

நெசவாளர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. விளம்பரங்கள் முழங்குவது இறக்கும் வேகத்தை. நமக்கு வேண்டியதோ ஏற்றும் வேகம். செம்புக் கம்பியில் ஏற்றும் வேகம் பெரும்பாலும் விநாடிக்கு ஒரு மெகாபிட் அளவே. ஐந்து மெகாபைட் அளவுள்ள சேலைப் படம் ஒன்று 40 மெகாபிட் ஆகும். இருபது படங்கள் அனுப்பினால் 800 விநாடிகள், அதாவது பதின்மூன்று நிமிடங்களுக்கு மேல். ஏற்றும் வேகம் பத்து மெகாபிட் இருந்தால் ஒன்றரை நிமிடத்துக்குள் வேலை முடிந்துவிடும். இடையில் ஒரு முறை இணைப்பு அறுந்தால் முழுவதையும் திரும்பத் தொடங்க நேரலாம். எதிர்முனையில் காத்திருக்கும் வியாபாரி வேறு தறியைத் தேடிப் போய்விடுவார். இழப்பு நமக்கே.

மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவர்கள் செம்பில் வேகம் தேடுவதை விட்டுவிட்டு, ஒளியிழை இணைப்பைக் கேட்பதே அறிவுடைமை. ஒளியிழையில் நிலையத்திலிருந்து இருபது கிலோமீட்டர் வரையிலும் வேகம் குறைவதில்லை, துரு ஏறுவதில்லை. எல்லா ஊராட்சிகளுக்கும் இழை கொண்டுசெல்லும் தேசியத் திட்டம் 2011-ம் ஆண்டு அக்டோபரில் ஒப்புதல் பெற்று, பின்னர் பாரத்நெட் என்ற பெயர் பூண்டது. தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் பணி தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. ஊராட்சி அலுவலகம் வரை வந்த இழை அங்கேயே சுருண்டு கிடந்தால் பயன் யாருக்கு? அது சங்கத்துக்கும் வீட்டுக்கும் தறிக்கொட்டகைக்கும் வந்து சேர வேண்டும். ஆனால் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். செம்புத் தொலைபேசிக்கு நிலையத்திலிருந்தே மின்சாரம் வந்தது. வீட்டில் மின்சாரம் நின்றாலும் பேசலாம். இழையின் பெட்டிக்கு வீட்டு மின்சாரம் தேவை. சிறு மின்கலம் ஒன்றையும் கணக்கிற் சேர்த்துக்கொள்க.

‘கைப்பேசி இருக்கும்போது கம்பி எதற்கு?’ என்று இளைஞர்கள் கேட்கக்கூடும். தனி ஒருவரின் தேவைக்கு அது போதுமானதே, மறுப்பதற்கில்லை. ஆனால் சங்க அலுவலகத்தில் ஒரே நேரத்தில் கடன் கணக்கும் உர இருப்பும் பதிவாக வேண்டியிருக்கிறது. கோபுரத்தின் கீழ் கூட்டம் மிகுந்தால் வேகம் குறையும். மனுச் செய்வதற்கான கடைசி நாளில் எல்லோரும் ஒருங்கே முயலும்போதுதான் அது குறைகிறது என்பது அனுபவம். சங்கத்துக்கு நிலையான இணைப்பு இன்றியமையாதது என்பதே நம் கருத்து.

இது தனித்தனியே செய்யும் காரியமன்று. பிரிட்டனில் இணைப்பு விற்கும்போதே அந்த வீட்டுக்குக் குறைந்தபட்சம் கிடைக்கும் வேகத்தைச் சொல்லிவிடும் விதிமுறைக்குப் பெரிய நிறுவனங்கள் உடன்பட்டுள்ளன. சொன்ன வேகம் கிடைக்காமல், முப்பது நாட்களுக்குள் குறையும் தீராவிட்டால், அபராதமின்றி விலகும் உரிமை 2019-ம் ஆண்டு மார்ச் முதல் அங்கு வலுப்படுத்தப்பட்டது. நம் அங்கத்தினர்களும் பணம் கட்டுமுன், ‘எங்கள் வீட்டுக்கு என்ன வேகம் கிடைக்கும்? எழுத்தில் தாருங்கள்’ என்று கேட்கப் பழக வேண்டும். குறையைத் தெரிவித்தால் அதற்குரிய பதிவு எண்ணை வாங்காமல் விடக்கூடாது. தீர்வு திருப்தியளிக்காவிட்டால் முப்பது நாட்களுக்குள் அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுத 2012-ம் ஆண்டு ஒழுங்குமுறை இடமளிக்கிறது.

ஒவ்வொரு சங்கமும் ஒரு பதிவேடு தொடங்க வேண்டுமென்பது நம் யோசனை. அங்கத்தினரின் ஊர், கம்பித் தூரம், தேய்மான எண், காலை மாலை வேகம், மழைக்கால நிலை ஆகிய ஐந்து பத்திகள் போதும். நீர்பழனியிலும் ஆவூரிலும் மாத்தூரிலும் கொடும்பாளூரிலும் உள்ளவர்கள் இவ்வெண்களைக் கொண்டுவந்தால், எந்தத் தெருவுக்கு முடிச்சைச் செப்பனிட்டாற் போதும், எந்த ஊருக்கு இழையே வேண்டும் என்பது ஒரே பார்வையில் புலப்படும். ஒருவர் தனியாகக் கேட்டால் முறையீடு. நாற்பது வீட்டார் எண்களோடு சேர்ந்து கேட்டால் அது நிறுவனம் புறக்கணிக்க இயலாத வியாபாரம். கடனையும் விதையையும் நூலையும் சேர்ந்து வாங்கக் கற்றவர்கள் இணைப்பையும் சேர்ந்து வாங்கலாமன்றோ? வரும் பொதுக்குழுக் கூட்டத்தில் இப்பதிவேட்டைத் தொடங்கும் தீர்மானத்தை நிறைவேற்றுமாறு சங்கங்களின் நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.