உதவி கேட்கும்போது கசியும் திறவுகோல்கள்

2022 ஜூன் மாத இறுதியில், திருடப்பட்ட தரவுகள் கைமாறும் இணையச் சந்தை ஒன்றில் பெயர் வெளியிடாத ஒருவர் விளம்பரம் போட்டார். ஷங்ஹாய் பொலிஸாரின் தரவுத்தளம் தன்னிடம் இருப்பதாக அவர் சொன்னார். 100 கோடி சீனக் குடிமக்களின் பெயர், முகவரி, பிறந்த இடம், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம், பொலிஸ் வழக்கு விபரங்கள் என 23 டெராபைட் தரவு அதில் உள்ளதாம். கேட்ட விலை 10 பிட்கொயின். அன்றைய பெறுமதியில் ஏறத்தாழ 2 இலட்சம் அமெரிக்க டொலர். மாதிரியாக வெளியிடப்பட்ட பதிவுகளில் இருந்த சிலரைச் சர்வதேச ஊடகவியலாளர்கள் தொலைபேசியில் அழைத்தபோது, விபரங்கள் தங்களுடையவைதான் என அவர்கள் உறுதிப்படுத்தினார்கள். சீன அரசாங்கம் வாய் திறக்கவில்லை.

இது எப்படி நடந்தது என்பதற்கு இரண்டு விளக்கங்கள் முன்வைக்கப்பட்டன. பைனான்ஸ் என்ற கிரிப்டோ நாணய நிறுவனத்தின் அப்போதைய தலைவர் சாங்பெங் ஜாவோ ஒன்றைச் சொன்னார். அரசாங்கத்துக்காக வேலை செய்த நிரலாளர் ஒருவர், சீன நிரலாளர்கள் கூடும் சிஎஸ்டிஎன் தளத்தில் எழுதிய தொழில்நுட்பக் கட்டுரையில் உள்நுழைவு விபரங்களையும் தவறுதலாகச் சேர்த்துவிட்டார் என்பது அவருடைய கூற்று. அந்தத் தரவுத்தளத்தின் கட்டுப்பாட்டுப் பக்கம் கடவுச்சொல் இல்லாமலேயே ஓராண்டுக்கு மேல் திறந்து கிடந்தது என்பது பாதுகாப்பு ஆய்வாளர்கள் சிலர் கொடுத்த விளக்கம்.

இரண்டாவது விளக்கம் சரியாகவே இருக்கலாம். ஆனால், முதலாவது விளக்கத்தைக் கேட்டபோது நிரல் எழுதும் தொழிலில் இருக்கும் எங்களில் எவரும் 'அப்படியெல்லாம் நடக்குமா?' என்று கேட்கவில்லை என்பதுதான் என்னை யோசிக்க வைத்தது. நடக்கும். தினமும் நடக்கிறது. கணினிப் பாதுகாப்பு என்றதும் எங்கோ இருட்டறையில் இருக்கும் ஹக்கரைக் கற்பனை செய்து பழகிவிட்டோம். பெரும்பாலான கசிவுகளின் தொடக்கம் அதைவிடச் சாதாரணமானது. வேலை முடியாமல் திண்டாடும் ஒருவர், தெரிந்தவர்களிடம் உதவி கேட்கிறார். அவ்வளவுதான்.

நிரல் எழுதுபவர்கள் உதவி கேட்காமல் வேலை செய்வதில்லை. பிழை வந்தால் அந்தப் பகுதியை வெட்டி, ஸ்டக் ஓவர்ஃபுளோ போன்ற தளங்களிலோ வட்ஸ்அப் குழுவிலோ போட்டு, 'இதில் என்ன பிழை?' என்று கேட்பது இந்தத் தொழிலின் அன்றாடம். பல்கலைக்கழகத்துக்குப் போகாத பலர் தொழிலைக் கற்றுக்கொண்டதே இந்தப் பழக்கத்தால்தான். வவுனியாவிலோ மட்டக்களப்பிலோ இருந்துகொண்டு வெளிநாட்டு நிறுவனத்துக்கு வேலை செய்யும் இளைஞருக்குப் பக்கத்து மேசையில் மூத்த பொறியியலாளர் இல்லை. இணையம்தான் அவருடைய பக்கத்து மேசை.

வெட்டி ஒட்டும் அந்தப் பகுதிக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் பிரச்சினை. ஒரு நிரல் தரவுத்தளத்துடன் பேச வேண்டுமானால் அதற்கு முகவரியும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தேவை. குறுஞ்செய்தி அனுப்பவோ பணம் அறவிடவோ, சேவை வழங்கும் நிறுவனம் கொடுத்த அணுகல் திறவுகோல் தேவை. அவசரத்தில் இவற்றை நிரலுக்குள்ளேயே எழுதி வைப்பார்கள். கேள்வி வேறு வரியைப் பற்றியதாக இருக்கும். ஆனால், திறவுகோலும் சேர்ந்தே வெளியே போய்விடும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. நிரலை ஒழுங்காக வடிவமைத்துப் பகிராததும் கசிவுக்கு வழி திறக்கிறது. பைதன் மொழியில் வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளிக்கே பொருள் உண்டு. சாதாரணச் செய்தியாக ஒட்டினால் அந்த இடைவெளி குலைந்துவிடும். சில செயலிகள் நேரான மேற்கோள் குறியை வளைந்த குறியாக மாற்றிவிடும். கோணக் குறிகளுக்குள் எழுதியவற்றைச் சில பக்கங்கள் விழுங்கிவிடும். உதவ வந்தவருக்கு எதுவும் விளங்காது. 'முழு ஃபைலையும் போடுங்கோ' என்பார். அல்லது 'ஸ்கிரீன்ஷொட் எடுத்து அனுப்புங்கோ' என்பார். முழுக் கோப்பில் கடவுச்சொல் இருக்கும். ஸ்கிரீன்ஷொட்டில், பக்கத்தில் திறந்து கிடந்த மற்றக் கோப்பின் பெயரும் வாடிக்கையாளரின் பெயரும் இருக்கும். பத்து வரியை ஒழுங்காக, நிரலுக்கென்று தளங்கள் தரும் பெட்டிக்குள் இட்டிருந்தால் பத்து வரியோடு முடிந்திருக்கும்.

இதன் அளவு சிறியதல்ல. 2024 ஆம் ஆண்டில் மட்டும், நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தின் பொதுப் பகுதியில் 2 கோடியே 30 இலட்சத்துக்கும் அதிகமான திறவுகோல்களும் கடவுச்சொற்களும் புதிதாகக் கசிந்திருந்ததாக கிட்கார்டியன் என்ற பாதுகாப்பு நிறுவனம் கணக்கிட்டது. டொயோட்டாவின் ஒப்பந்த நிறுவனம் ஒன்று 2017 டிசம்பரில் அதே தளத்தில் பொதுவில் ஏற்றிய நிரலில் ஓர் அணுகல் திறவுகோல் இருந்தது. 2022 செப்டெம்பரில்தான் அது கண்டுபிடிக்கப்பட்டது. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் 296,019 வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் முகவரிகள் ஆபத்தில் இருந்திருக்கின்றன.

'தவறுதலாகப் போட்டுவிட்டேன், உடனே அழித்துவிட்டேன்' என்பது இங்கே போதாது. இத்தகைய திறவுகோல்களைத் தேடி எடுப்பதற்கென்றே தானியங்கி நிரல்கள் இணையத்தை இடைவிடாது துழாவுகின்றன. சில நிமிடங்கள் போதும். பதிவை அழிப்பது, தொலைந்த சாவியின் படத்தைக் கிழிப்பது போன்றது. பூட்டை மாற்ற வேண்டும்.

இப்போது கேள்விகள் மனிதர்களிடமிருந்து செயற்கை நுண்ணறிவுச் செயலிகளுக்கு நகர்ந்திருக்கின்றன. தனியாகத்தானே கேட்கிறோம் என்ற நினைப்பு துணிச்சலைத் தருகிறது. 2023 இல் சாம்சுங் நிறுவனத்தின் பொறியியலாளர்கள் நிறுவனத்தின் இரகசிய நிரலை, பிழை திருத்துவதற்காக, சட்ஜிபிடியில் ஒட்டியது வெளியே வந்தது. அதே ஆண்டு மே மாதம், நிறுவனக் கணினிகளில் இத்தகைய செயலிகளைப் பயன்படுத்த நிறுவனம் தடை விதித்தது.

தடை விதிப்பது இலகு. தண்டிப்பது அதைவிட இலகு. ஆனால், பயந்தவர் உதவி கேட்பதை நிறுத்தமாட்டார், ஒளித்துக் கேட்பார். தவறு நடந்தாலும் சொல்லமாட்டார். ஊபர் நிறுவனத்தில் 2016 இல் நடந்தது மேல்மட்டத்திலேயே நடந்த ஒளிப்பு. கிட்ஹப்பில் இருந்த நிரலுக்குள் கிடைத்த திறவுகோலைக் கொண்டு 5 கோடியே 70 இலட்சம் பேரின் விபரங்களை இருவர் எடுத்தார்கள். நிறுவனம் அவர்களுக்கு 1 இலட்சம் டொலர் கொடுத்து, ஓராண்டு வாய்மூடி இருந்தது. 2018 இல் 14 கோடியே 80 இலட்சம் டொலர் செலுத்தி அமெரிக்க மாநிலங்களுடன் இணக்கத்துக்கு வந்தது. அதன் பாதுகாப்புத் தலைவராக இருந்தவர் 2022 இல் குற்றவாளியாகக் காணப்பட்டார். அவரை நீதிமன்றத்தில் நிறுத்தியது கசிவு அல்ல, அதை மறைத்தது.

இதை இலங்கையில் இருந்து நாம் இப்போது பேச வேண்டியதற்குக் காரணம் உண்டு. இந்தியாவின் நிதியுதவியுடன், விரல் அடையாளம், கருவிழி, முகம் ஆகியவற்றைக் கொண்ட டிஜிட்டல் அடையாள அட்டைத் திட்டம் முன்னெடுக்கப்படுகிறது. அதன் மையத் தரவுத்தளத்துக்கு எவ்வளவு உயரமான மதில் கட்டினாலும், அதனோடு திணைக்களங்களையும் வங்கிகளையும் இணைக்கும் நூற்றுக்கணக்கான சிறிய நிரல்களை எழுதப்போவது ஒப்பந்த நிறுவனங்களில் வேலை செய்யும் இளைஞர்கள். அவர்களும் இரவு 11 மணிக்கு வேலை முடியாமல் உதவி கேட்பார்கள்.

எங்கள் அடையாள அட்டை இலக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 12 இலக்கங்களில் முதல் நான்கு பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணாக இருந்தால் அதனுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். 'பெயர் போடவில்லை, இலக்கம் மட்டும்தான் போட்டேன்' என்று உதாரணத்துக்கு ஓர் உண்மையான இலக்கத்தைப் பகிர்ந்தவர், ஒருவரின் பிறந்த திகதியையும் பாலினத்தையும் பகிர்ந்துவிட்டார்.

சட்டம் என்ன சொல்கிறது? 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவு மீறல்களை அதிகாரசபைக்கு அறிவிக்கக் கோருகிறது. ஒரு கோடி ரூபா வரை தண்டப்பணத்துக்கும் இடம் வைத்திருக்கிறது. 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் பிற்போடப்பட்டன. 2023 ஓகஸ்டில் அரச மேகக் கணினிச் சேவை மீது நடந்த தாக்குதலில் சுமார் 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகளின் மூன்று மாதத் தரவுகள் தொலைந்தன. அந்தக் காலத்துக்குரிய மாற்றுப் பிரதி இருக்கவில்லை. தரவைச் சேகரிக்கும் வேகம் இங்கே எப்போதும் பாதுகாக்கும் வேகத்துக்கு முன்னால் ஓடுகிறது.

1983 ஜூலையில் கொழும்பில் காடையர்கள் வாக்காளர் பட்டியல்களைக் கையில் வைத்துக்கொண்டுதான் தமிழர்களின் வீடுகளைத் தேடிப்போனார்கள். பட்டியல் தவறான கைக்குப் போனால் என்ன நடக்கும் என்பதை எங்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள், முன்னாள் போராளிகள், காணிக்காகப் போராடுபவர்கள் எனப் பல பட்டியல்கள் இன்று கணினிகளில் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றை வைத்திருப்பவை, ஒரேயொரு நிரலாளரை வைத்திருக்கும் சிறிய அமைப்புகள்.

செய்ய வேண்டியவை கடினமானவையல்ல. திறவுகோல்களை நிரலுக்குள் எழுதாமல் தனிக் கோப்பில் வைப்பது முதலாவது. உதவி கேட்கும்போது முழு நிரலையும் தராமல், அதே பிழையைக் காட்டும் மிகச் சிறிய உதாரணம் ஒன்றைப் புதிதாக எழுதிப் பகிர்வது இரண்டாவது. அப்படி எழுதும்போதே பாதிப் பிழைகள் தாமாகத் தெரிந்துவிடும். பெயர்களும் இலக்கங்களும் கற்பனையாக இருக்கட்டும். உதாரணங்களில் பயன்படுத்துவதற்கென்றே 'எக்ஸாம்பிள் டொட் கொம்' என்ற முகவரி 1999 இலேயே ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. கசிந்துவிட்டால், முதலில் திறவுகோலை இரத்துச் செய்ய வேண்டும். பதிவை அழிப்பது அதற்குப் பிறகு.

ஆனால், இதை இளைஞர்களின் ஒழுக்கப் பிரச்சினையாக மட்டும் முடித்துவிட நான் விரும்பவில்லை. பொதுப் பகுதியில் திறவுகோல் ஏற்றப்படுவதைத் தானாகவே தடுக்கும் வசதியை கிட்ஹப் 2024 இல் எல்லோருக்கும் இயல்பிருப்பாக்கியது. மனிதர்கள் தவறு செய்வார்கள் என்று ஏற்றுக்கொண்ட ஏற்பாடு அது. டிஜிட்டல் அடையாள அட்டைக்கான ஒப்பந்தங்களிலும் அதே எண்ணம் இருக்க வேண்டும். நிரலாளர்களுக்குப் பரிசோதனைக்கெனக் கற்பனைத் தரவு கொடுக்கப்படுகிறதா? திறவுகோல்கள் குறித்த காலத்தில் மாற்றப்படுகின்றனவா? தவறைத் தானாக வந்து சொல்பவருக்குப் பாதுகாப்பு உண்டா? உள்ளே கேட்பதற்கு ஒரு மூத்தவர் இருக்கிறாரா?

அட்டையின் நிறம், அதில் எந்த மொழி மேலே வரும், எந்த நாட்டு நிறுவனம் செய்யும் என்பவை பற்றி விவாதிக்க நேரம் ஒதுக்கும் பாராளுமன்ற உறுப்பினர்கள் இந்த நான்கு கேள்விகளையும் எழுத்தில் கேட்டுப் பதில் பெறலாம். எங்கள் விரல் அடையாளத்தைக் கொடுப்பதற்கு முன்னரே அந்தப் பதில் எங்களுக்குத் தெரிய வேண்டும். கடவுச்சொல் கசிந்தால் மாற்றலாம். விரலை மாற்ற முடியாது.