குறைந்த வாடகையா, குறைந்த செலவா?

ஜெர்மனியில் வீட்டு வாடகைக்கு இரண்டு பெயர் உண்டு. ஒன்று 'கால்ட்மீட்டெ', அதாவது குளிர் வாடகை. இன்னொன்று 'வார்ம்மீட்டெ', சூடான வாடகை. சுவருக்கும் கூரைக்கும் கொடுக்கும் பணம் குளிர் வாடகை. தண்ணீர், குப்பை, மாடிப்படி சுத்தம், வீட்டைச் சூடாக்கும் செலவு எல்லாவற்றுக்கும் தோராயமாக மாதாமாதம் வாங்கும் தொகையை அதோடு சேர்த்தால் சூடான வாடகை.

இந்தத் 'தோராயமாக' என்ற வார்த்தையில்தான் எல்லா வம்பும் இருக்கிறது!

2022-23 குளிர்காலப் பருவம் முதல் ஜெர்மனியில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் இந்தியர்கள்தான் முதலிடம். அவர்களில் தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களும் நிறைய. வகுப்புகள் அக்டோபரில் தொடங்குகின்றன. ஆகவே வீடு தேடுவது ஆகஸ்டிலும் செப்டம்பரிலும். அப்போது நல்ல வெயில். ரேடியேட்டர் ஓடாது. ஜன்னல் இடுக்கில் காற்று வந்தால் சுகமாகத்தான் இருக்கும். போன குளிர்காலத்தில் சுவர் மூலையில் படர்ந்த பூஞ்சையின் மேல் புது வெள்ளை அடித்திருந்தால் யாருக்கும் தெரியாது. வீடு பார்க்க வருகிறவர் கேட்பது இரண்டே கேள்விகள். வாடகை எவ்வளவு? ஸ்டேஷன் எவ்வளவு தூரம்? முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்த வீட்டைச் சூடாக வைத்திருக்க வருடத்துக்கு எவ்வளவு ஆகும்?

ஒரு சின்னக் கணக்கு. இரண்டு வீடுகள், இரண்டும் 50 சதுர மீட்டர் (சுமார் 540 சதுர அடி). முதல் வீட்டின் குளிர் வாடகை 500 யூரோ. இரண்டாவது 540 யூரோ. யாராக இருந்தாலும் முதல் வீட்டைத்தான் எடுப்பார்கள். ஆனால் முதல் வீடு பழைய கட்டடம், வருடத்துக்குச் சதுர மீட்டருக்கு 220 கிலோவாட் மணி வெப்பம் தின்கிறது. இரண்டாவதுக்கு 80 போதும். (கிலோவாட் மணி என்பது நம்மூர் கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட்தான்.) ஆக முதல் வீட்டுக்கு 11,000 யூனிட், இரண்டாவதுக்கு 4,000 யூனிட். ஒரு யூனிட் 10 சென்ட் என்று வைத்தால் வித்தியாசம் வருடத்துக்கு 700 யூரோ, மாதத்துக்கு 58. நாற்பது யூரோ மிச்சம் பிடிக்கப் போய் 58 யூரோ இழப்பு!

முதல் வீட்டுக்காரர் சூடாக்கும் செலவுக்கென மாதம் 50 யூரோ மட்டும் வாங்கி வந்தார் என்றால் நிலைமை இன்னும் மோசம். விளம்பரத்தில் சூடான வாடகை குறைவாகத் தெரியும். வருடக் கணக்கு முடிக்கும்போது 1,100 யூரோ செலவில் 600 போக மீதி 500 யூரோவுக்கு பில் வரும். கணக்கு வருடம் முடிந்து 12 மாதங்கள் வரை இந்த பில்லை அனுப்பச் சட்டம் அனுமதிக்கிறது. மாணவர் வேறு ஊருக்குக் குடிபோன பிறகும் வந்து சேரும். மாணவர் விசாவுக்காக வங்கியில் முடக்கிக் காட்ட வேண்டிய தொகை 2024 செப்டம்பரில் மாதம் 992 யூரோ என்று உயர்த்தப்பட்டது. அந்தக் கணக்கில் வாழ்கிறவருக்கு 500 யூரோ என்பது பாதி மாத வாழ்க்கை.

இந்த எண்ணை எங்கே பிடிப்பது? கட்டடத்தின் ஆற்றல் சான்றிதழில் இருக்கிறது. வீடு பார்க்க வரும்போது அதைக் காட்ட வேண்டியது உரிமையாளரின் கடமை. சான்றிதழில் இரண்டு வகை. ஒன்று கட்டடத்தின் அமைப்பை வைத்துக் கணக்கிட்டது. மற்றது குடியிருந்தவர்கள் உண்மையில் செலவழித்ததை வைத்து எழுதியது. இரண்டாவது வகையில், சிக்கனமாக நடுங்கிக்கொண்டு வாழ்ந்தவர்கள் இருந்திருந்தால் எண் குறைவாகத் தெரியும். அதனால் சான்றிதழோடு நிற்காமல் போன வருடத்துக் கணக்கு பில்லையும் கேட்பது நல்லது.

காகிதம் சொல்லாத சங்கதிகளும் உண்டு. சான்றிதழ் முழுக் கட்டடத்துக்கானது. மேலும் கீழும் பக்கத்திலும் சூடான வீடுகள் சூழ்ந்த நடு மாடி வீட்டுக்குச் செலவு குறையும். கூரைக்குக் கீழே இருப்பதற்கும், சூடாக்கப்படாத நிலவறைக்கு மேலே இருப்பதற்கும் கூடும். இரட்டைக் கண்ணாடி ஜன்னலில், இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவே ஓடும் உலோகப் பட்டையில் பல சமயம் தயாரித்த வருடம் பொறித்திருக்கும். இரவில் மின்சாரத்தால் சூடேறிப் பகலில் வெப்பம் தரும் பழைய பெட்டிகள் அறையில் இருந்தால் ரொம்பவே யோசிக்க வேண்டும். மின்சாரம் எரிவாயுவை விடப் பல மடங்கு விலை. அந்த பில் குடியிருப்பவர் பெயரில் தனியாக வரும், சூடான வாடகையில் அது இருக்காது. வீட்டுக்குள்ளேயே தனி எரிவாயு பாய்லர் இருந்தாலும் பெரும்பாலும் இதே கதைதான்.

"ரெண்டு ஸ்வெட்டர், ஒரு கம்பளி போதும், ஹீட்டரே வேண்டாம்" என்பார்கள் சிலர். அது உடம்புக்குச் சரி, சுவருக்குச் சரிவராது. சோறு வடிக்கும் ஆவி, குளியல் ஆவி, அறைக்குள் காயப்போட்ட துணி எல்லாம் குளிர்ந்த சுவரில் நீராகப் படியும். பிறகு பூஞ்சை. பிறகு, 'நீங்கள் சரியாகக் காற்று விடவில்லை' என்று சண்டை. இன்னொன்று, மையச் சூடாக்கல் உள்ள கட்டடத்தில் செலவில் 50 முதல் 70 சதவீதம்தான் அவரவர் பயன்பாட்டின்படி. மீதி வீட்டின் பரப்பளவுப்படி. பொங்கலுக்கு ஊருக்கு வந்து வீட்டைப் பூட்டி வைத்தாலும் அந்தப் பங்கு ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

இதில் அநியாயம் எங்கே என்றால், சுவருக்கு வெப்பக்காப்பு போடுவது உரிமையாளர் கையில், எரிவாயுவுக்குப் பணம் கட்டுவது குடியிருப்பவர் கையில். முடிவெடுப்பவர் ஒருவர், செலவழிப்பவர் இன்னொருவர். இப்படி இருந்தால் செலவு எப்படிக் குறையும்? 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1977-இல்தான் புதுக் கட்டடங்களுக்கான முதல் வெப்பக்காப்பு விதி அங்கே அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய கட்டடங்கள் இன்றும் ஏராளம். 2023 ஜனவரியிலிருந்து, எரிபொருள் மீதான கார்பன் கட்டணத்தை மோசமான கட்டடங்களில் 95 சதவீதம் வரை உரிமையாளரே ஏற்க வேண்டும் என்று சட்டம் வந்தது. நல்ல சட்டம்தான். ஆனால் கார்பன் கட்டணம் மொத்த பில்லில் ஒரு சிறு பகுதியே. ஸ்வீடனில் பெரும்பாலான அடுக்குமாடி வீடுகளில் வாடகையிலேயே சூடாக்கும் செலவு அடக்கம். அங்கே வீணாகும் வெப்பம் உரிமையாளரின் நஷ்டம் என்பதால் சுவரைக் கவனிக்க அவருக்கே ஒரு காரணம் இருக்கிறது.

"மியூனிக்கிலும் பெர்லினிலும் வீடு கிடைப்பதே குதிரைக்கொம்பு, இதில் தேர்ந்தெடுக்க வேறு வேண்டுமா?" என்ற கேள்வி நியாயமானது. கிடைத்த வீட்டை எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றாலும் அந்த எண் தெரிந்திருந்தால் மாதாமாதம் தனியாக ஒரு தொகை எடுத்து வைக்கலாம். தெரியாமல் போனால் மாறுவதும் எளிதல்ல, காலி செய்ய மூன்று மாத முன்னறிவிப்பு தர வேண்டும். நவம்பரில் குளிர் தெரிந்து நோட்டீஸ் கொடுத்தால் குளிர்காலம் முழுக்க அங்கேதான்!

பி.காம் வகுப்பில் நிலையான செலவு, மாறும் செலவு என்று பக்கம் பக்கமாகப் படிக்கிறோம். வாடகை வீட்டில் நிலையான செலவைப் பேரம் பேசுகிறார்கள், மாறும் செலவைக் கேட்பதே இல்லை. குளிர் நாட்டில் ஒரு வீட்டின் விலை இரண்டும் சேர்ந்ததுதான்.