கைப்பையில் ஒளிந்த சீட்டு

1965-ல் தோன்றிய செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரிக்கு மாமல்லபுரக் கரையிலிருந்தும் பஸ் ஏறி வருகிறார்கள். சர்க்கரைக்கு ஒரு சீட்டு. மனச் சோர்வுக்கு இன்னொன்று. சகோதரிகளே, சர்க்கரை டாக்டரிடம் அந்த இரண்டாவது சீட்டைக் காட்டுகிறோமா? வெட்கம்! கைப்பைக்குள்ளேயே ஒளித்துவிடுகிறோம்.

அமிட்ரிப்டிலின், மிர்டாஸபின் போன்றவை பசியைக் கிளப்பும், உடம்பு பெருக்கும், சர்க்கரையும் ஏறலாம். ஃப்ளூவாக்ஸெடினோ நேர்மாறு, சர்க்கரையை இறக்கக் கூடியது. கூடவே இன்சுலினோ கிளிபென்கிளமைடோ இருந்தால் திடீரென்று வியர்வை, நடுக்கம், மயக்கம் வரலாம். கை கால் நடுங்கினால் 'மனக் கலக்கந்தான்' என்று படுத்துவிடாதீர்கள்; சர்க்கரை இறங்கியிருக்கலாம்.

பயந்து மாத்திரையைத் தாமாக நிறுத்துவது அதைவிட ஆபத்து. சோர்வு திரும்பினால் சாப்பாடு, நடை, ஊசி எல்லாமே தவறும். மாத்திரை தொடங்கும்போதும், அளவு மாறும்போதும், டாக்டர் நிறுத்தச் சொல்லும்போதும் சர்க்கரையைச் சற்று அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை இரண்டு சீட்டையும் சேர்த்தே மேஜைமேல் வையுங்கள்.