வானம் கண்ணுக்கு மட்டும் சொந்தமா?

தோட்டத்துல ஒரு பிள்ளைக்குக் கண் தெரியலைன்னா முதல்ல வர்ற வார்த்தை "பாவம்". பல வீடுகளில் அந்த வார்த்தையோடு அந்தப் பிள்ளையின் படிப்பும் முடிந்துபோகிறது. விஞ்ஞானம் படிக்கட்டும் என்று யாராவது சொன்னால், சிரிப்பார்கள்.

சிரிக்கிறவர்களுக்கு வண்டா டயஸ் மெர்செட்டை அறிமுகப்படுத்த விரும்புகிறோம். புவேர்ட்டோ ரிக்கோ தீவுக்காரர். பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படித்த காலத்தில் நீரிழிவு நோய் அவர் பார்வையைப் பறித்தது. ஆனாலும் வானியலை விடவில்லை. அவர் ஆராய்ந்தவற்றில் காமா கதிர் வெடிப்புகளும் உண்டு. மிகப் பெரிய நட்சத்திரம் ஒன்று சுப்பர்நோவாவாக வெடிக்கும்போது, சில வேளைகளில் அந்த வெளிச்சத்துக்கு முன்பே இந்தக் கதிர்கள் நம்மை எட்டிவிடும்.

தொலைநோக்கி அனுப்புவது வெறும் எண்கள்தான். மற்றவர்கள் அதை வரைபடமாக்கிப் பார்த்தார்கள். இவர் ஒலியாக்கிக் கேட்டார். எண் கூடினால் சுருதி கூடும், அவ்வளவுதான். நாசாவின் கொடார்ட் மையத்தில் இதற்கான மென்பொருள் வேலையில் ஈடுபட்டார். 2013இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். அவருடைய ஆய்வில் இன்னொன்றும் தெரியவந்தது: வரைபடத்தோடு ஒலியும் சேர்ந்தால், கண் தெரிந்த வானியலாளர்களும் இரைச்சலுக்குள் மறைந்திருக்கும் தடயங்களை இன்னும் நன்றாகக் கண்டுபிடிக்கிறார்கள்.

யோசிச்சுப் பாருங்க. காமா கதிரை எந்தக் கண்ணாலும் பார்க்க முடியாது. 1987இல் தென்பட்ட சுப்பர்நோவாவின் வெளிச்சத்துக்குச் சில மணி நேரம் முன்பே நியூட்ரினோக்கள் வந்து சேர்ந்தன. அவற்றைப் பதிவுசெய்த கருவிகளில் ஒன்று, ஜப்பானில் ஒரு சுரங்கத்துக்குள், மலைக்கு அடியில் இருட்டில் கிடந்தது. அப்படியிருக்க, கண் தெரியாதவருக்கு வானியல் எதற்கு என்று கேட்பதில் என்ன நியாயம்?

வண்டா சலுகை கேட்கவில்லை, சம வாய்ப்புக் கேட்டார். மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்கு இலங்கையில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஐ.நா. சமவாயத்தையும் 2016இல் நாடு ஏற்றுக்கொண்டது. ஆனா லயத்துல இருந்து ரோட்டுக்கு ஏறுற படிக்கட்டுல ஒரு கைப்பிடிக் கம்பி இருக்கா?

சட்டம் மலையேறும்வரை நாம் காத்திருக்க வேண்டாம். பள்ளிக்கூடத்தில் வான் பார்க்கும் இரவு நடத்துகிறீர்களா? அட்டையில் நூலும் மணியும் ஒட்டி, தொட்டுப் பார்க்க ஒரு நட்சத்திர வரைபடம் செய்யுங்கள். போனில் தமிழை வாசித்துக்காட்டும் வசதியைப் பழக்கிக் கொடுங்கள். "பாவம்" என்று வீட்டில் விட்டுவந்த அந்தப் பிள்ளையைப் போய்க் கூட்டிட்டு வாங்க.