டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சை: ஊசி பாதி, ரத்தப் பரிசோதனை மீதி

சோர்வு, தொப்பை, தூக்கமின்மை, இல்லற வாழ்வில் நாட்டக் குறைவு. எல்லாவற்றுக்கும் ஒரே தீர்வு என்ற தோரணையில் டெஸ்டோஸ்டிரோன் விளம்பரங்கள் கைப்பேசித் திரைகளில் வலம் வருகின்றன. 2025 பிப்ரவரியில் அவற்றுக்குப் புதிய வாதம் ஒன்று கிடைத்தது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இந்த மருந்துகளின் எச்சரிக்கைக் குறிப்பிலிருந்து இதய ஆபத்து தொடர்பான வாசகத்தை நீக்கச் சொன்னது.

அந்த அறிவிப்பை அத்தோடு நிறுத்திவிட்டுப் படிப்பதுதான் சிக்கல். ரத்த அழுத்தம் உயரக்கூடும் என்ற எச்சரிக்கையைச் சேர்க்க வேண்டும் என்றும் அதே அறிவிப்பு கூறியது. வயதாவதால் மட்டுமே குறையும் ஹார்மோனுக்காக இம்மருந்து அங்கீகரிக்கப்படவில்லை என்ற வரம்பும் அப்படியே தொடர்கிறது.

கண்காணிப்போடு கிடைத்த முடிவு

இந்த மாற்றத்துக்கு அடிப்படை, 2023ல் வெளியான 'டிராவர்ஸ்' ஆய்வு. இதய நோய் உள்ள அல்லது அதற்கான ஆபத்து அதிகமுள்ள, 45 முதல் 80 வயதுக்குட்பட்ட 5,000க்கும் மேற்பட்ட ஆண்கள் அதில் பங்கேற்றனர். மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவை மருந்து பெற்றோரில் 7 விழுக்காட்டினருக்கும் போலி மருந்து பெற்றோரில் 7.3 விழுக்காட்டினருக்கும் ஏற்பட்டன. வேறுபாடு இல்லை என்றே சொல்லலாம்.

ஆனால், நுரையீரல் ரத்தக்கட்டு மருந்து பெற்றோரிடம் 0.9 விழுக்காடாகவும் மற்றவர்களிடம் 0.5 விழுக்காடாகவும் இருந்தது. ஒழுங்கற்ற இதயத்துடிப்பும் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பும்கூட மருந்து பெற்றோரிடமே கூடுதல்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ஆய்வில் சேர்க்கப்பட்டவர்களுக்கு ஹார்மோன் குறைவு என்பது இருமுறை ரத்தப் பரிசோதனை செய்தே உறுதிசெய்யப்பட்டது. அதன் பிறகும் ரத்த அளவுகளைப் பார்த்துப் பார்த்தே மருந்தளவு கூட்டிக் குறைக்கப்பட்டது. ஆக, 'இதயத்துக்கு ஆபத்து கூடவில்லை' என்ற முடிவு, கண்காணிப்போடு தரப்பட்ட மருந்துக்கானது. இணையத்தில் வாங்கித் தானே போட்டுக்கொள்ளும் ஊசிக்கு அந்தச் சான்றிதழ் செல்லாது. சிங்கப்பூரில் டெஸ்டோஸ்டிரோன், மருத்துவர் சீட்டு இல்லாமல் பெற முடியாத மருந்து.

நம் சமூகத்துக்கு ஏன் முக்கியம்?

2010ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், சிங்கப்பூர் இந்தியர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. மூன்று முக்கிய இனங்களில் அதுவே ஆக அதிகம். நீரிழிவுக்கும் டெஸ்டோஸ்டிரோன் குறைவுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அமெரிக்காவின் பஃபலோ நகரில் மருத்துவர்கள் சந்தீப் திண்ட்சா, பரேஷ் தண்டோனா குழுவினர் 2004ல் வெளியிட்ட ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 103 ஆண்களில் மூவரில் ஒருவருக்கு அக்குறைவு காணப்பட்டது.

அப்படியானால் ஊசி நீரிழிவைத் தடுக்குமா? 1,000க்கும் மேற்பட்ட அதிக எடையுள்ள ஆண்களிடம் ஆஸ்திரேலியாவில் நடந்து, 2021ல் வெளியான ஆய்வு நம்பிக்கை தந்தது. உடற்பயிற்சி, உணவுக் கட்டுப்பாட்டோடு ஊசியும் பெற்றவர்களில் இரண்டாண்டு முடிவில் நீரிழிவு இருந்தோர் 12 விழுக்காடு. ஊசி இல்லாதவர்களில் அது 21 விழுக்காடு.

அதே ஆய்வின் மறுபக்கமும் உண்டு. ஊசி பெற்றவர்களில் 22 விழுக்காட்டினருக்கு ஹிமட்டோகிரிட் 54ஐ எட்டியது அல்லது தாண்டியது. ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை பங்கு என்பதைக் காட்டும் அளவு அது. அது ஏறினால் ரத்தம் கெட்டியாகும். 54ஐத் தாண்டினால் மருந்தை நிறுத்தி, அளவு இறங்கியபின் குறைந்த அளவில் தொடங்க வேண்டும் என்பது அனைத்துலக மருத்துவ வழிகாட்டி. ஐவரில் ஒருவருக்கு நேர்ந்த இந்த மாற்றத்தை உடல் வெளியே காட்டிக்கொடுக்க வேண்டும் என்பதில்லை. ரத்தப் பரிசோதனைதான் சொல்லும்.

சென்னை அறிக்கை, சிங்கப்பூர் அறிக்கை

ஊருக்குப் போகும்போது முழு உடல் பரிசோதனை செய்துகொண்டு திரும்புவது பல குடும்பங்களின் வழக்கம். இந்திய ஆய்வகங்கள் டெஸ்டோஸ்டிரோனைப் பெரும்பாலும் நேனோகிராம், டெசிலிட்டர் கணக்கில் தரும். சிங்கப்பூரில் நேனோமோல், லிட்டர் கணக்கு. சென்னையில் 450 என்று வந்த அதே அளவு இங்கு 15.6 என்று வரும். 'முந்நூறுக்குக் கீழ் என்றால் குறைவு' என்று இணையத்தில் படித்தவர், 15 என்ற எண்ணைக் கண்டு பதறத் தேவையில்லை. சென்னை எண்ணை ஏறத்தாழ 29ஆல் வகுத்தால் சிங்கப்பூர் எண் கிடைக்கும்.

எப்போது ரத்தம் கொடுக்கிறோம் என்பதும் எண்ணை மாற்றும். சிகிச்சைக்கு முன் காலையில், வெறும் வயிற்றில், வெவ்வேறு நாள்களில் இருமுறை சோதிப்பதே முறை. மாலையில் அளவு இயல்பாகவே இறங்கும். காய்ச்சலோ வேறு நோயோ இருக்கும்போது எடுத்தாலும் குறைத்துக் காட்டும். இரவு வேலை பார்ப்போர் தங்கள் உறக்க நேரத்தை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

சிகிச்சை தொடங்கியபின் கணக்கு வேறு. வாரக்கணக்கில் போடப்படும் குறுகியகால ஊசிக்கு, இரண்டு ஊசிகளுக்கு நடுவில் ரத்தம் எடுக்க வேண்டும். சில மாதங்களுக்கு ஒருமுறை போடப்படும் நீண்டகால ஊசிக்கு, அடுத்த ஊசிக்குச் சற்று முன் எடுக்க வேண்டும். தோலில் தடவும் மருந்துக்கு, தடவிய 2 முதல் 8 மணி நேரத்துக்குள். ஊசி போட்ட மறுநாளே சோதித்தால் அளவு மிக உயர்வாகத் தெரியும். தேவையான மருந்தும் தவறாகக் குறைக்கப்படலாம்.

முடி உதிர்வுக்காகச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரையும் சில ஆய்வக முறைகளில் முடிவைக் கெடுக்கும். ரத்தம் கொடுக்கும் முன் அதையும் சொல்ல வேண்டும்.

கண்டாங் கெர்பாவில் தொடங்கிய வரலாறு

லிட்டில் இந்தியாவின் ஹேம்ப்ஷியர் சாலையில் இன்று நிலப் போக்குவரத்து ஆணையம் இயங்கும் இடம் ஒருகாலத்தில் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை. யாழ்ப்பாணத்தில் பிறந்த பேராசிரியர் ஷான் ரத்னம், சிங்கப்பூரின் முதல் பாலின மாற்று அறுவை சிகிச்சையை 1971ல் அம்மருத்துவமனையில் செய்தார். அன்று சிகிச்சை பெற்றவர் ஒரு திருநங்கை.

இன்று திருநம்பிகள் பலருக்கு டெஸ்டோஸ்டிரோன் நீண்டகால மருந்து. முதல் ஆண்டில் 3 மாதத்துக்கு ஒருமுறை ஹார்மோன், ஹிமட்டோகிரிட் பரிசோதனைகளை அவர்களுக்கு வழிகாட்டிகள் பரிந்துரைக்கின்றன. அவர்களுக்கு மட்டும் உள்ள சங்கடம் ஒன்று உண்டு. ஆய்வக அறிக்கை பெண்களுக்கான அளவுகோலை அச்சிட்டால், ஆணுக்கு இயல்பான சிவப்பணு அளவும் 'அதிகம்' என்று குறியிடப்பட்டு வரும். எந்த அளவுகோல் பயன்பட்டது என்று கேட்பது அவர்களின் உரிமை.

சொல்லத் தயங்கினால்

குழந்தைக்குத் திட்டமிடும் இளம் தம்பதிகள் ஒன்றை மறந்துவிடக் கூடாது. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் செல்லும்போது உடல் தன் சொந்த உற்பத்தியைக் குறைக்கிறது. விந்தணு எண்ணிக்கையும் வீழ்கிறது. உடற்பயிற்சிக்கூட நண்பரின் பேச்சைக் கேட்டு ஊசி போட்டவர், அதை மனைவியிடமும் மருத்துவரிடமும் மறைத்தால் பழி வீணாக மனைவி மேல் விழக்கூடும்.

40 வயதைக் கடந்தோருக்காக 2023ல் தொடங்கிய 'ஹெல்தியர் எஸ்ஜி' திட்டம் ஒவ்வொருவருக்கும் ஒரு குடும்ப மருத்துவரை முன்வைக்கிறது. நீரிழிவு, ரத்த அழுத்தம் பற்றிப் பேசும் அதே மேசையில் இந்த ஊசியைப் பற்றியும் பேசலாம். சிகிச்சை தொடங்கிய 3 முதல் 6 மாதத்தில் ஒருமுறை, பின்னர் ஆண்டுக்கு ஒருமுறை என்பது பொதுவான கணக்கு. ஹார்மோன், ஹிமட்டோகிரிட் இரண்டும் அதில் இருக்க வேண்டும். வயதுக்கேற்பப் புரோஸ்டேட் சுரப்பிக்கான பிஎஸ்ஏ பரிசோதனையும் சேரும். கடைசி ஊசி போட்ட தேதியைக் குறித்துக்கொண்டு போனால், மருத்துவர் அந்த எண்களைச் சரியாகப் படிக்க முடியும்.